வைடு லென்ஸ் படத்தில் கோளாறா? ராமநாதபுரம் கடற்கரையில் காரணம் கண்டுபிடிக்கும் வழி

வைடு லென்ஸ் வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதை விற்க நினைப்பவர்கள் நம் பக்கம் அதிகம். தனுஷ்கோடியில் எடுத்த படத்தில் கடல் வளைந்து கிடக்கிறது, அரிச்சல்முனையில் வானத்தின் மூலை கறுத்திருக்கிறது, பாம்பன் பாலத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறது. உடனே "பீஸ் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பழுதான லென்ஸ்கள் குறைவு. அகலமான பார்வையைத் தருகிற லென்ஸை வடிவமைப்பவர் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். படத்தில் தெரிகிற குறை, அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதன் தடயம். தடயத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எதைச் சரிசெய்யலாம், எதோடு வாழலாம், எதை சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இதற்கு நம் கரையைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. கடலும் வானமும் சேரும் கோடு இயற்கை போட்டுக்கொடுத்த நேர்கோடு. வடக்கே பெண்கடல் (பாக் விரிகுடா) அமைதியாக இருக்கும் காலை நேரத்தில் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும். பாம்பன் ரயில் பாலத்தின் தூண்களும் கர்டர்களும் ஒரே அளவில் வரிசையாகப் போவதால் நடு எவ்வளவு கூர்மை, ஓரம் எவ்வளவு கூர்மை என்று பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடலாம். பனை ஓலையின் நுனி, விளிம்பில் ஊதாவும் பச்சையும் ஒட்டுகிற வண்ணக் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், கேமராவிலும் மென்பொருளிலும் உள்ள லென்ஸ் கரெக்‌ஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஜேபெக் படத்தில் கேமரா ஏற்கெனவே பாதியை மறைத்திருக்கும். சில மென்பொருள்கள் ரா ஃபைலைத் திறக்கும்போதே கேட்காமல் திருத்திவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடுவானம் வளைகிறது

மூன்று படம் போதும். தொடுவானத்தை ஃபிரேமின் நட்ட நடுவில் வைத்து ஒன்று, மேல் விளிம்பை ஒட்டி ஒன்று, கீழ் விளிம்பை ஒட்டி ஒன்று. நடுவில் வைத்த கோடு எந்த லென்ஸிலும் நேராகத்தான் வரும், ஃபிஷ்ஐ லென்ஸில்கூட. மேலே வைத்தபோது கோடு நடுவில் குன்று போல எழும்பி, கீழே வைத்தபோது தொய்ந்து விழுந்தால் அது பீப்பாய் வளைவு. நடுவில் எழும்பி, இரண்டு முனைகளிலும் மறுபடி மேலே திரும்பினால் அது மீசை வளைவு. இரண்டும் வேறு வேறு ஆள்கள், வேறு வேறு மருந்து.

ஏன் வருகிறது? கண்ணாடி (மிர்ரர்) வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் (லென்ஸைப் பூட்டும் வளையம்) மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ., கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. 20 மி.மீ. குவியத்தூரம் உள்ள சாதாரண அமைப்பு அவ்வளவு தூரத்துக்குப் பின்னால் பிம்பத்தைக் கொண்டுபோய்ப் போட முடியாது. இதற்கு வழி, முன்னால் ஒளியை விரிக்கிற குழிவில்லைத் தொகுதி, பின்னால் குவிக்கிற தொகுதி என்று அடுக்குவது. பிரான்சின் பியர் ஆஞ்செனியூ 1950-ல் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸை இப்படிச் செய்து ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் விற்றார். இன்று டிஎஸ்எல்ஆர் வைடு லென்ஸ் அத்தனையும் அந்த வம்சம்தான். முன்பக்கம் ஒரு குணம், பின்பக்கம் நேர் எதிர்க் குணம் என்று இருப்பதால் பீப்பாய் வளைவு அதன் பிறவிக் குணம். அதை அடக்க முன்னால் ஆஸ்ஃபெரிக் வில்லை (கோளப் பரப்பு அல்லாத வில்லை) போடுகிறார்கள். அது நடுப்பகுதி வளைவை இழுத்துப் பிடிக்கும்போது ஓரத்தில் அளவுக்கு மீறித் திருத்திவிட்டால் மீசை வளைவு வருகிறது.

எதிர்வகை, சமச்சீர் லென்ஸ். அப்பர்ச்சருக்கு (ஒளி புகும் துளை) முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. முன்பாதி செய்கிற வளைவை, கோமாவை (ஓரத்துப் புள்ளி வால் போல இழுபடும் குறை), ஓர வண்ணக் கசிவைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து கழித்துவிடும். லுட்விக் பெர்ட்டலே ஸைஸுக்காக வடிவமைத்த 21 மி.மீ. எஃப் 4.5 பயோகான் இந்த வகைக்குப் பேர்போனது. அதில் தொடுவானம் எங்கே வைத்தாலும் நேராக நிற்கும். அதற்கு அது கேட்கிற விலை வேறு. இருண்ட மூலைக்கு வரும்போது பார்ப்போம்.

இப்போது கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் காலம். நிக்கான் இஸட் மவுண்டில் தூரம் 16 மி.மீ., சோனி இ-யில் 18, கேனான் ஆர்எஃப்-இல் 20. பின்னால் இடம் கிடைத்துவிட்டது, ஆகவே வளைவே இருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லென்ஸைச் சின்னதாகவும் மலிவாகவும் செய்ய, வளைவைத் தெரிந்தே விட்டுவிட்டு மென்பொருளிடம் ஒப்படைக்கிற வழக்கம் வந்திருக்கிறது. கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 நல்ல எடுத்துக்காட்டு. திருத்தாத ரா ஃபைலில் வளைவு கண்ணை உறுத்தும் அளவுக்கு இருக்கும். அது பழுதே அல்ல. அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள்.

சரி, மருந்து. பீப்பாய் வளைவுக்கு மென்பொருளில் ஒற்றை ஸ்லைடர் போதும். மீசை வளைவை அந்த ஸ்லைடரால் தொடாதீர்கள். நடு நேரானால் ஓரம் இன்னும் கெடும். அந்த லென்ஸுக்கென்றே செய்த திருத்தக் கணக்கான புரொஃபைல்தான் ஒரே வழி. புரொஃபைல் கிடைக்காத பழைய லென்ஸ் என்றால் தொடுவானத்தை நடுவுக்கு அருகில் வைத்து எடுத்துவிட்டு அப்புறம் மேலேயோ கீழேயோ வெட்டிக்கொள்ளுங்கள். ஜூம் என்றால் அகலமான முனையில் மட்டும்தான் பெரும்பாலும் தொல்லை. 16-35 லென்ஸில் 20 பக்கம் தள்ளினாலே பாதி அடங்கிவிடும்.

ஓரத்தில் நிற்பவர் அகலமாகிவிட்டார்

கல்யாண ஆல்பத்தில் அதிகம் வருகிற புகார் இது. கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ குடும்பப் படம். இடமில்லாத முற்றம், இருபது பேர், 16 மி.மீ. லென்ஸ். படம் கைக்கு வந்ததும், "அண்ணே, ஓரத்துல நிக்கிற மச்சான் ஏன் இப்படி ஊதிப்போயிட்டாரு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதவு, தூண், சுவர் எல்லாம் நேராக இருக்கிறதே என்று நமக்கும் குழப்பம் வரும்.

நேராக இருப்பதால்தான் மச்சான் ஊதினார். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவேன் என்று உறுதி எடுத்த லென்ஸ், உருண்டையை உருண்டையாகக் காட்ட முடியாது. ஓரத்துக்குப் போகப்போக எல்லாவற்றையும் வெளிப்பக்கம் இழுத்தே ஆக வேண்டும். இது கணக்கு, எந்த விலை கொடுத்து வாங்கினாலும் மாறாது. ஃபுல் ஃபிரேமில் (36 x 24 மி.மீ. சென்சார்) 16 மி.மீ. லென்ஸின் இடது, வலது விளிம்பில் ஒரு தலை தன் உயரத்தோடு ஒப்பிடும்போது சுமார் 1.5 மடங்கு அகலமாக வரும். 24 மி.மீ. என்றால் 1.25 மடங்கு. 35 மி.மீ. என்றால் 1.12 மடங்குதான், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பீப்பாய் வளைவு உள்ள லென்ஸ் ஓரத்தைச் சற்று உள்ளே அமுக்குகிறது. அதாவது அந்தக் குறை மச்சானுக்கு நன்மை செய்கிறது. புரொஃபைலைப் போட்டு வளைவை எடுத்தீர்களானால் அவரை மறுபடி இழுத்து அகலமாக்குகிறீர்கள். பின்னால் மணலும் கடலும் மட்டும் இருக்கிற குழுப் படத்தில் புரொஃபைலை அணைத்துப் பாருங்கள், அல்லது பாதி அளவுக்கு மட்டும் போடுங்கள். முகங்கள் உடனே இயல்புக்கு வரும். தொடுவானம் நடுவுக்கு அருகே இருந்தால் அதுவும் கெடாது. கட்டடத்துக்கு ஒரு நியாயம், மனிதர்களுக்கு ஒரு நியாயம். இரண்டுக்கும் ஒரே செட்டிங்கைப் போடுவதுதான் தவறு.

மற்றபடி, பின்னால் நகர இடம் இருந்தால் நகருங்கள். ஓரத்தில் ஒல்லியான பிள்ளைகளை நிறுத்துங்கள். வரிசையை லேசான பிறை வடிவில் நிறுத்துவது உதவும் என்று சிலர் சொல்வார்கள். அது ஃபோகஸுக்கு உதவலாம், இந்த இழுப்புக்கு உதவாது. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தை மூலையை நோக்கி வைத்து எடுத்தால் அது உண்மையைவிட நீளமாக, கம்பீரமாக வரும். அங்கே இந்தக் குணமே நமக்கு வரம்.

மூலை இருட்டாக இருக்கிறது

வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வானமே ஒரே சீராக இருக்காது. லென்ஸ் முகப்பில் வெள்ளை ட்ரேசிங் பேப்பரை ஒட்டிப் பிடித்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம், துளையைச் சுருக்கி எஃப் 8-இல் ஒரு படம் எடுங்கள்.

மூலை கூர்மையான விளிம்போடு கருப்பாக வெட்டுப்பட்டிருந்தால் ஃபில்டரோ ஹூடோ குறுக்கே நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் போட்டிருப்பீர்கள், அல்லது ஹூடைச் சரியாகத் திருகாமல் விட்டிருப்பீர்கள். எஃப் 8-இல் இருட்டு நன்றாகக் குறைந்தால், லென்ஸ் குழலின் விளிம்பே சாய்ந்து வரும் ஒளியை மறைக்கிறது. அது எல்லா லென்ஸிலும் உண்டு. எஃப் 8-இலும் மிச்சமிருக்கிற இருட்டுதான் வடிவமைப்பின் கணக்கு. சாய்ந்து வருகிற ஒளி கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்கில் குறையும். சமச்சீரான 21 மி.மீ. லென்ஸில் மூலைக்கு நடுவைவிட இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைவான ஒளிதான் போகும். 16 மி.மீ. என்றால் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்கு. 1900-ல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம் செய்த ஹைப்பர்கான் லென்ஸில் இதைச் சமாளிக்க முன்னால் நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றை வைத்து, படம் எடுக்கும்போது காற்றை ஊதிச் சுழற்றினார்கள். நடுவுக்குப் போகிற ஒளியைக் கொஞ்சம் மறைத்து மூலையோடு சமன்படுத்தும் ஏற்பாடு அது.

ரெட்ரோஃபோகஸ் இங்கே ஜெயிக்கிறது. ஒளி பின்வில்லையிலிருந்து நிமிர்ந்து வருவதால் மூலை இருட்டு கணக்கைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், டிஜிட்டல் சென்சாருக்கு நிமிர்ந்த ஒளிதான் பிடிக்கும். பழைய ரஷ்ய ஜூபிட்டர்-12 போன்ற பயோகான் வகை லென்ஸை அடாப்டர் போட்டு மிர்ரர்லெஸ் கேமராவில் மாட்டினால் மூலையில் இருட்டோடு ஊதாச்சிவப்புச் சாயலும் வரலாம். பின்வில்லை சென்சாருக்கு மிக அருகே போய்விடுவதால் ஒளி மிகச் சாய்வாக விழுந்து பக்கத்துப் பிக்சலுக்குள் கசிகிறது. சென்சார் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியும் அந்தச் சாய்ந்த ஒளியை இன்னும் விலக்கி மூலையை இழுகச் செய்கிறது. அரிச்சல்முனையின் வெளுத்த மணலிலும் மேகமூட்டமான வானத்திலும் இந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஃபிலிமில் அதே லென்ஸ் அழகாகப் படம் தரும், லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். அதே அப்பர்ச்சரில் ட்ரேசிங் பேப்பர் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு மென்பொருளில் சமன்படுத்தலாம். இன்னொன்று: அந்த லென்ஸின் பின்பக்கம் பிதுங்கி உள்ளே நீளும். உங்கள் பாடியின் ஷட்டரில் இடிக்காது என்று தெரிந்த பிறகே மாட்டுங்கள்.

நடு கூர்மை, ஓரம் மங்கல்

நேரத்தைப் பாருங்கள் முதலில். உச்சி வெயிலில் தனுஷ்கோடி மணல்மேல் கானல் ஓடும்போது தொடுவானத்தை ஒட்டிய எதுவும் கூர்மையாக வராது. தொடர்ந்து ஐந்தாறு படம் எடுங்கள். மங்கல் ஒவ்வொன்றிலும் இடம் மாறினால் அது காற்று. சோதனையை விடிந்த கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலும் ஓரம் மங்கல்தானா? ஃபோகஸை மூலையில் இருக்கும் பொருளுக்கு வைத்து எடுங்கள். இப்போது மூலை தெளிந்து நடு மங்கினால் பிம்பத் தளம் வளைந்திருக்கிறது. லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் கூர்மை சமதளத்தில் விழாமல் கிண்ணம் போல வளைந்து விழுகிறது. எஃப் 8 வைத்து, நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஃபோகஸ் செய்தால் இரண்டையும் பிடிக்கலாம். அருகே உள்ள பொருளில் மட்டும் ஓரம் மோசமாகிறது என்றால், ஃபோகஸ் மாறும்போது வில்லைத் தொகுதிகளின் இடைவெளியும் மாறும் ஏற்பாடு அந்த லென்ஸில் இல்லை என்று பொருள். நிக்கான் 1967-ல் தன் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடாப்டர் தடிமன் கொஞ்சம் குறைந்திருந்தால் இந்த ஏற்பாடு உள்ள லென்ஸில் இடைவெளிக் கணக்கு தப்பி ஓரம் கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் மங்கலா? அப்படியானால் கவலைப்பட வேண்டும். டிரைபாடில் கேமராவை வைத்து, பாம்பன் கலங்கரை விளக்கம் மாதிரி தொலைவில் உள்ள ஒரே பொருளை ஃபிரேமின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். முழு அப்பர்ச்சரில், ஒரே ஃபோகஸில், நான்கு படம். நான்கும் ஒரே மாதிரி மங்கினால் அது வடிவமைப்பு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் இழுகினால் உள்ளே ஒரு வில்லை மையம் விலகியிருக்கிறது. அடாப்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியான லென்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மலிவு அடாப்டர் சாய்ந்திருப்பதும் இதே அறிகுறியைத்தான் தரும். வில்லை விலகியது உறுதியானால் சர்வீஸ்தான். அந்த நான்கு படங்களையும் பிரிண்ட் போட்டு லென்ஸோடு கொடுங்கள். "கூர்மை இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நடுவில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

வெளிறிய படம், ஒளிப் பொட்டுகள்

நம் கரையில் இந்தப் புகாருக்கு உப்பும் ஒரு காரணம். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் அரைமணி நேரம் நின்றாலே முன்வில்லையில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்துவிடும். வைடு லென்ஸின் முன்வில்லை பிதுங்கி வெளியே நிற்கும், ஹூடும் கட்டையானது. ஆகவே டெலி லென்ஸைவிட இதற்கு அடி அதிகம். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், பால் போன்ற பூச்சு தெரியும். சட்டை நுனியால் துடைக்கவே கூடாது, உப்போடு மணலும் இருக்கும். புளோயரால் ஊதி, லென்ஸ் லிக்விடில் நனைத்த துணியால் அழுத்தாமல் உப்பைக் கரைத்து எடுத்து, அப்புறம் உலர்ந்த மைக்ரோஃபைபரால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள்.

சுத்தமாக இருந்தும் பொட்டுகள் வந்தால் அவை வில்லைகளுக்கிடையே எதிரொளித்தவை. பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் ஒளியைத் திருப்பும். பத்து வில்லை, இருபது பரப்பு என்றால் பாதிக்கு மேல் ஒளி வழியிலேயே சிதறிவிடும், 44 சதவீதம்தான் சென்சாருக்கு வரும். ஒரு பரப்புக்கு 0.5 சதவீதம் என்று குறைக்கிற பூச்சு இருந்தால் 90 சதவீதம் வரும். ரெட்ரோஃபோகஸ் லென்ஸ்களில் வில்லை அதிகம், பிதுங்கிய முகப்பு சூரியனை எந்தப் பக்கமிருந்தும் உள்ளே விடும். பழைய லென்ஸோடு அரிச்சல்முனையில் சூரிய உதயம் எடுக்கிறவர்கள் சூரியனை ஃபிரேமின் நட்ட நடுவில் வையுங்கள், பொட்டுகள் அதன் மேலேயே விழுந்து மறையும்.

இரவில் பாம்பன் சாலைப் பாலத்தின் விளக்குகள் படத்தின் எதிர்மூலையில் தலைகீழாக மிதக்கிறதா? ஃபில்டரைக் கழற்றுங்கள், போய்விடும். தட்டையான கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி எதிரொளித்து வருவது அது.

சின்னச் சின்ன அறிகுறிகள்

பனை ஓலை நுனியில் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை. அப்பர்ச்சரைக் குறைத்தாலும் போகாவிட்டால் ஓர வண்ணக் கசிவு. மென்பொருளில் ஒரு டிக் போட்டால் தீரும்.

வானத்தின் நடுவில் மட்டும் கருநீலப் பட்டை என்றால் போலரைசர் ஃபில்டரின் வேலை. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது வானத்தை அதிகம் கறுக்க வைக்கும், வைடு லென்ஸ் அந்தத் திசையையும் மற்ற திசைகளையும் ஒரே படத்தில் காட்டிவிடுகிறது. வானத்துக்கு அதைப் போடாதீர்கள். ஆழமில்லாத தெளிந்த கடலின் அடியைக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் கிழக்குக் கோபுரம் பின்னால் சாய்கிறது. கேமராவை அண்ணாந்து பிடித்தீர்கள், அவ்வளவுதான். அக்னி தீர்த்தம் பக்கம் பின்வாங்கி, கேமராவைச் சமமாகப் பிடித்து எடுத்துக் கீழ்ப்பாதியை வெட்டுங்கள்.

மூலையில் நட்சத்திரங்கள் சிறகு விரித்த பறவை மாதிரி வருவது கோமாவும் அஸ்டிக்மாட்டிசமும் சேர்ந்த வேலை. எஃப் 1.8 லென்ஸை எஃப் 2.8-க்குக் குறைத்தால் சிறகு சுருங்கும், எஃப் 4-இல் பல லென்ஸ்களில் காணாமலே போகும். நான்கு மூலையிலும் சிறகு ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் பெரிதென்றால் மேலே சொன்ன மையம் விலகிய கதைதான், நட்சத்திரத்தைவிடக் கடுமையான பரீட்சை அதற்குக் கிடையாது. தனுஷ்கோடிக்குள் மாலைக்கு மேல் விட மாட்டார்கள். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறவுங்கள்.